இடது பக்கம் வந்த வள்ளம்

"இந்தப் படத்தில இருக்கிறது என்ட வள்ளமில்ல, நோனா," என்றார் ஹெக்டர். "இது எப்பவோ தண்ணிக்கடியில தாண்டு போன வள்ளம்."

காலை ஏழு மணிக்கே கொச்சிக்கடைக் கரையில் வெயில் சுள்ளென்று இருந்தது. ஹெக்டர் கையிலிருந்த காகிதத்தை அருந்ததி வாங்கி மறுபடியும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பலீல் மணலில் நின்றான். வெள்ளவத்தையில் 'மிஸ் அருந்ததி, அந்தரங்க விசாரணைகள்' என்று பலகை மாட்டியிருக்கும் அந்தப் பெண்ணிடம் அவன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். மிஸ் யோசிக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டான். ஆனால் அதை ஒரு நாளாவது செய்து பார்த்தவனில்லை.

"தாண்ட வள்ளத்துக்கு எங்கள என்னத்துக்குக் கூப்பிட்ட? மீனுக்கிட்டல்லா விசாரிக்கோணும்," என்றான்.

"பலீல், கொஞ்சம் சும்மா இரும்."

விஷயம் இதுதான். ஹெக்டர் துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு வாழைக்குலையும் இளநீரும் கொண்டுபோய் விற்கிறவர். அந்தக் கரையில் அவரைப் போல நாற்பது பேர், நாற்பது பாய் வள்ளங்கள். கோட்டைத் துறையிலிருந்து வடக்கே முகத்துவாரத்துக்கு இருபது நிமிடத்தில் ஆட்களை ஏற்றிப் போகிறது ஹோல்ரொயிட் கம்பனியின் பெரிய நீராவி ஃபெரி, 'டச்சஸ்'. அதன் பாதையைக் குறுக்கே கடந்தால்தான் வள்ளக்காரர்கள் கப்பல்களுக்குப் போகலாம். போன வியாழக்கிழமை காலை எட்டரைக்கு டச்சஸ், ஹெக்டரின் வள்ளத்தின் மேல் ஏறிவிட்டது. வள்ளம் நொறுங்கி இப்போது மணலில் கிடந்தது. ஹெக்டரின் மைத்துனன் சவரி கால் முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தான்.

கடல் சட்டம் ஹெக்டர் பக்கம்தான். நீராவியில் ஓடுவது, பாயில் ஓடுவதற்கு வழி விட வேண்டும். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. பின்னாலிருந்து வந்து முந்துகிறவன், பாய்க்காரனாக இருந்தாலும், தானே ஒதுங்க வேண்டும். கம்பனி அந்த விலக்கைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஹெக்டர் சொல்வது, கிழக்கே கொச்சிக்கடைக் கரையிலிருந்து, அதாவது டச்சஸின் வலது பக்கமிருந்து, நேராகக் குறுக்கே போனேன் என்று. கப்டன் பில்பீம் கையெழுத்திட்டுக் கொடுத்ததோ வேறு. வள்ளம் தன் இடது பக்கம் பின்னாலிருந்து வந்து, தன்னை முந்தி, மூக்குக்கு முன்னால் வெட்டித் திரும்பியது என்று எழுதியிருந்தார். கூடவே மூன்று கட்டத்தில் ஒரு படமும் இணைத்திருந்தார்.

இன்று பின்னேரம் இரண்டு மணிக்குத் துறைமுகக் காரியாலயத்தில் விசாரணை. கப்டன் சொன்னது நின்றால் ஹெக்டரின் வள்ள இலக்கம் போய்விடும், அது இல்லாமல் கடலில் இறங்க முடியாது. கம்பனி அதோடு விடவில்லை. இனி எந்தப் பாய் வள்ளமும் ஃபெரிப் பாதையைக் கடக்கக்கூடாது, கரையோரமாகச் சுற்றித்தான் போக வேண்டும் என்று ஒரு மனுவும் போட்டிருந்தது. சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் கப்பல்காரன் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டிருப்பான். நாற்பது வீட்டில் உலை ஏறாது.

"ஏன் தாண்டு போன வள்ளம் எண்டு சொல்லுறீங்கள்?" அருந்ததி கேட்டாள்.

ஹெக்டர் உடைந்த வள்ளத்தைக் காட்டினார். "இதில முன்பக்கம் எது, பின்பக்கம் எது, சொல்லுங்க பாப்பம்."

பலீல் சுற்றி வந்து பார்த்தான். இரண்டு நுனியும் ஒன்று போலவே இருந்தன. "ரெண்டும் ஒன்டுதானே ஈக்கி. என்ட மச்சான்ட பேச்சு மாதிரி, எங்க தொடங்கினாலும் ஒரே சாமான்."

"அதேதான், தம்பி. இலக்கத்தை முன்பக்கத்தில எழுதச் சொல்லித் துறைமுகக் கந்தோரில சொன்னாங்க. எந்த முன்பக்கம் எண்டு கேட்டன். திமிர் பிடிச்சவன் எண்டு ஏசினாங்க." ஹெக்டர் வள்ளத்தின் பக்கத்தில் வளைகம்புகளால் கட்டியிருந்த மிதவைக் கட்டையைத் தொட்டார். கட்டை நடுவில் முறிந்திருந்தது. "இந்தக் கட்டை எப்பவும் காத்து வாற பக்கம்தான் இருக்கோணும். காத்து பாயைத் தள்ளும், கட்டையின்ட பாரம் வள்ளத்தைப் பிடிச்சு வைக்கும். காத்து கூடினா ஒரு ஆள் கட்டைக் கம்பில ஏறி நிப்பான். திரும்பிப் போகோணுமெண்டா நாங்க வள்ளத்தைத் திருப்பிறதில்ல. பாயைக் கழட்டி மத்த நுனிக்குக் கொண்டுபோறது. பின்பக்கம் முன்பக்கமாப் போகும், கட்டை காத்துப் பக்கமே நிக்கும்."

அருந்ததி படத்தை அவர் முன்னால் நீட்டினாள். "இப்ப சோழகக் காத்து. தென்மேற்கு. டச்சஸ் வடக்க போகுது. வள்ளமும் இடப்பக்கத்தால வடக்க போனா, காத்து வள்ளத்துக்கு இடப்பக்கம்."

"ஓம் நோனா. இவர் கட்டையை வலப்பக்கம் கீறியிருக்கிறார். அதில ஒரு மனுசனையும் ஏத்தி வெச்சிருக்கிறார். காத்தும் அந்தப் பக்கம் சரிக்குது, ஆளும் அந்தப் பக்கம் அமத்துறான். கட்டை தண்ணிக்குள்ள போகும், பின்னால வள்ளமும் போகும்."

பலீலுக்கு ஒரே சந்தோஷம். "முடிஞ்சி மிஸ். கப்டன் பொய் செல்லியிருக்கிறார். வாங்க, ஒரு பிளேன்டீ குடிப்பம்."

"முடியேல்லை. கப்டன் படம் கீறத் தெரியாதவர், கை பிழைச்சுப் போச்சு எண்டு ரெண்டு வசனத்தில ஊதி விடுவினம்." அருந்ததி காகிதத்தை மடித்தாள். "வலப்பக்கத்தால வந்த வள்ளத்தை இடப்பக்கத்தால கொண்டு வர வேண்டிய தேவை இவருக்கு ஏன் வந்தது? வலப்பக்கம் வந்தது, நான் கவனிக்கேல்லை எண்டு சொல்லியிருந்தா ஒரு கண்டிப்போட போயிருக்கும். வலப்பக்கத்தில எதையோ ஒளிக்கினம். வாரும், எட்டு இருபது கப்பலைப் பிடிப்பம்."

டச்சஸில் அருந்ததி முன்தட்டில் முதலாம் வகுப்புக்குப் போனாள். பலீல் பின்னால் மூன்றாம் வகுப்பில், ஒரு கருவாட்டுக் கூடைக்கும் இரண்டு கோழிக்கும் நடுவில் உட்கார்ந்தான். நீதி நியாயத்துக்காகப் போராடுகிறவன் கருவாட்டு வாசத்தையும் சகிக்கத்தான் வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால் முன்தட்டு நன்றாகத் தெரிந்தது. கோட் போட்ட ஏழு கனவான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அதே கூரையின் கீழ், சுக்கான். ஏழு பேரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடிக்காமல் வலது காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார்கள். கப்பல் முகத்துவாரம் சேரும்வரை ஒருவர்கூடப் பக்கத்தைப் புரட்டவில்லை. அருந்ததி ஒரு வயதான கனவானிடம் இரண்டு வார்த்தை கதைத்தாள். பிறகு மேலே வலதுபக்க உத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கியதும் கேட்டாள்: "அந்த மனுசர் ஏன் பேப்பரை அப்பிடிப் பிடிச்சவை?"

"காதால வாசிக்கிறாங்களோ என்னவோ. படிச்சவங்க மிஸ், அவங்களுக்கு எல்லாம் ஏலும்."

"வெயிலுக்கு. காலமையில வடக்க போற கப்பலுக்கு வெயில் வலப்பக்கம். ஆனா தினமும் போற ஆக்கள், அந்த வெயிலை இண்டைக்குத்தான் முதன்முதலாக் காணுறவை மாதிரிச் சினந்துகொண்டிருந்தவை. உத்திரத்தில வலப்பக்கம் மட்டும் புதுப் பித்தளை வளையம் பன்னிரண்டு. ஒண்டிலையும் ஒண்டும் தொங்கேல்லை." அவள் குடையை விரித்தாள். "கப்பலுக்குக் கன்வஸ் தைக்கிற ஆக்கள் ஆரைத் தெரியும் உமக்கு?"

"கிராண்ட்பாஸில ராசிக் நானா. கூடாரம், பந்தல், கப்பல் சாமான் எல்லாம் அவர்தான்."

"வியாழக்கிழமைக்குப் பிறகு டச்சஸிலயிருந்து அவரிட்ட என்ன போனதெண்டு அறிஞ்சுகொண்டு வாரும். ரெண்டு மணிக்கு முதல்."

ராசிக் நானாவின் கடை டிராம் போகிற தெருவிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி இருந்தது. வாசலில் நிழலுக்கு ஒரு பெரிய கன்வஸ் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் கீழே மர வாங்கில் உட்கார்ந்து பலீல் நெற்றியைத் துடைத்தான். ராசிக் நானா தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"டச்சஸா? நான் ஒன்டும் தைக்கல்ல மகன்."

"தைக்கல்ல எண்டா, என்ன வந்த எண்டு சரி செல்லுங்களேன்."

"ஒன்டும் வரல்ல."

"நானா, நீங்க பொய் செல்லுற நேரம் மெஷின் வேகமா ஓடுது. நூல் அந்துடப் போகுது."

மெஷின் நின்றது. "பலீல், கம்பனி வேலை எனக்கு வருசம் முழுக்க ஈக்கி. நீ விளையாட்டுக்கு வந்து என்ட சோத்துல மண்ணள்ளிப் போடாத."

"ஒரு மனுசன்ட கால முறிச்சிப் போட்டீக்கிறாங்க நானா. நாப்பது வள்ளத்த கரையில ஏத்தப் போறாங்க. இதுல என்ன விளையாட்டு?" என்றான் பலீல். தன் வாயில் இப்படி ஒரு வசனம் வந்ததில் அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

ராசிக் நானா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை பகல் ஒரு சாமான் கொண்டு வந்தாங்க. கிழிஞ்ச சாமான். இத எரிச்சிப் போடு, புதுசு ஒன்டு தை எண்டு வெள்ளைக்காரன் செல்லியனுப்பின. எரிச்சாச்சி, போ."

பலீல் எழுந்தான். எழும்போது மூக்கு நுனியில் சுட்டது. நிழலில் உட்கார்ந்தவனுக்கு மூக்கில் வெயில் எப்படி வரும்? அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே இழுத்துக் கட்டிய கன்வஸில் ஒரு முழ நீளக் கிழிசல். வெள்ளைத் துணியில் அந்தக் கிழிசலைச் சுற்றி, வள்ளப் பாய்களுக்கு ஏற்றுகிற மரப்பட்டைச் சாயத்தின் மண்ணிறம் தேய்ந்து கிடந்தது. ஓரத்தில் வரிசையாகப் பன்னிரண்டு துளைகள்.

பன்னிரண்டு கஜம் நல்ல கன்வஸை எரித்துப் போடு என்று சொல்ல ஒரு வெள்ளைக்காரனால்தான் முடியும். அதைக் கேட்டு எரிக்கிற தையல்காரன் கிராண்ட்பாஸில் இன்னும் பிறக்கவில்லை.

"நானா, ஏணி எங்க?" என்றான் பலீல்.

விசாரணை அறை வாசலில் கம்பனியின் வக்கீல், புரொக்டர் நவரத்தினம், அருந்ததியை மறித்தார். அவளுடைய தாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி அவர்.

"பிள்ளை, நீ வள்ளக்காரரோட திரியிறது கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும் மாமா. நீங்கள் கம்பனியோட திரியிறதுதான் அவவுக்கு விளங்கேல்லை."

உள்ளே மேசைக்குப் பின்னால் துறைமுக விசாரணை அதிகாரி, தலை நரைத்த ஓர் ஆங்கிலேயர். ஒரு பக்கம் கப்டன் பில்பீம், முறுக்கிய மீசையோடு. மறுபக்கம் ஹெக்டர், தேய்த்த வெள்ளைச் சாரத்தோடு. புரொக்டர் வைக்க ஹெக்டருக்கு வசதியில்லாததால் அருந்ததி அவருக்காகக் கதைக்க அதிகாரி அனுமதித்திருந்தார். பலீல் கதவோரத்தில், சுருட்டிய கன்வஸைக் காலடியில் போட்டுக்கொண்டு, பாய் விற்க வந்தவன் போல நின்றான்.

முதலில் அருந்ததி படத்தை எடுத்தாள். காற்று எந்தப் பக்கம், கட்டை எந்தப் பக்கம் என்று ஹெக்டர் விளக்கினார். அதிகாரி கூர்ந்து கேட்டார். நவரத்தினம் எழுந்து சிரித்தார்.

"கப்டன் கடலோடி, சித்திரக்காரர் அல்ல. கட்டையைப் பக்கம் மாற்றி வரைந்துவிட்டார். அதனால் அவர் கண்ணால் கண்டது பொய்யாகிவிடுமா?"

அதிகாரி தலையசைத்தார். மிஸ் காலையில் சொன்ன அதே இரண்டு வசனம்.

"நல்லது, படத்தை விடுவோம்," என்றாள் அருந்ததி ஆங்கிலத்தில். "கப்டன், வள்ளம் இடது பக்கம் வந்ததை உங்கள் கண்ணால் கண்டீர்கள்?"

"கண்டேன்."

"வலது பக்கத்தால் வந்திருந்தாலும் கண்டிருப்பீர்கள்?"

"நிச்சயமாக. முப்பது வருடம் கடலில் இருந்தவன் நான்."

"உங்கள் சுக்கானுக்கும் வலது பக்கக் கடலுக்கும் நடுவில் மறைப்பு ஏதும் இருந்ததா?"

கப்டன் ஒரு கணம் நவரத்தினத்தைப் பார்த்தார். "இல்லை."

"பலீல், அதை விரியும்."

பலீல் ஒரு உதை விட்டான். கன்வஸ் உருண்டு அறையின் குறுக்கே விரிந்து, அதிகாரியின் மேசைக் காலில் முட்டி நின்றது. அதன் ஓரத்தில் கறுப்பு எழுத்தில், யாரும் வாசிக்கிற மாதிரிப் பெரிதாக, ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: டச்சஸ், வலது பக்கம்.

"வெயில் மறைக்கும் திரை," என்றாள் அருந்ததி. "முதலாம் வகுப்புக் கனவான்களின் முகம் கறுக்கக்கூடாது என்று இந்த மாதம் முதலாம் திகதி கம்பனி கட்டியது. இன்று காலை கப்பலில் ஒரு கனவானே சொன்னார். காலையில் வடக்கே போகும்போது வலது பக்கம் முழுவதும் இதை இறக்கி விடுவார்கள். சுக்கான் பிடிக்கிறவருக்கு அந்தப் பக்கத்துக் கடல் கிடையாது. வியாழக்கிழமை காலையில் ஹெக்டரின் பாய்மரம் இதைத்தான் கிழித்தது. இந்த மண்ணிறம் அவருடைய பாயின் சாயம். அன்று பகலே இதை எரிக்கக் கொடுத்துவிட்டார்கள். வள்ளம் வலது பக்கம் வந்தது என்றால், ஏன் காணவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் வள்ளத்தையே தூக்கி இடது பக்கம் வைத்தார்கள். கட்டை முறிந்திருந்ததால் கட்டைதான் கப்பல் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்றபடி படமும் வரைந்தார்கள். தங்கள் கப்பலைப் போலவே இந்த வள்ளத்துக்கும் ஒரே ஒரு முன்பக்கம் உண்டு என்று நினைத்துக்கொண்டு வரைந்தார்கள்."

நவரத்தினம் எழப்போனார். கப்டன் பில்பீம் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். மீசை அப்படியேதான் இருந்தது. ஆனால் முகம் விழுந்துவிட்டது.

"திரையைக் கட்டாதீர்கள் என்று மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன்," என்றார். "கம்பனி கேட்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் எனக்கு வள்ளம் இருந்ததே தெரியும். படம் காரியாலயத்தில் வரைந்தது. நான் கையெழுத்து மட்டும்தான் வைத்தேன்."

"அந்தக் கையெழுத்துத்தான் கப்டன், இந்த மனிதரின் தொழிலைப் பிடுங்க வந்தது," என்றாள் அருந்ததி. அவள் குரல் உயரவில்லை.

அதிகாரி எழுதத் தொடங்கினார். வழி விட வேண்டியது டச்சஸ்தான், ஹெக்டரிடம் பிழையில்லை. பலீல் மூச்சை விட்டான். ஆனால் நவரத்தினம் இலேசில் விடுகிற ஆளில்லை. அதிகாரியின் காதோடு குனிந்து ஏதோ சொன்னார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஹெக்டரைப் பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம் கருணைகூட இருந்தது.

"ஹெக்டர், நீர் வென்றுவிட்டீர். கம்பனி உமக்குப் புது வள்ளம் தரும், உம்முடைய மைத்துனரையும் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு ஒரு சின்ன விஷயம். ஃபெரியில் இருநூறு பேர் போகிறார்கள், உம்முடைய வள்ளத்தில் மூன்று பேர். ஒரு மரியாதைக்காக, இனி வள்ளக்காரர் எல்லாரும் ஃபெரிக்கு வழி விட்டு ஒதுங்கிப் போவதாக ஒரு கையொப்பம். அந்த நாற்பது பேரும் உம்முடைய சொல்லைக் கேட்பார்கள் அல்லவா?"

அருந்ததி அதைத் தமிழில் சொன்னாள். புது வள்ளம் என்றதும் பலீல் மனதுக்குள், வாங்கிக்கொள் மனுசா, என்றான். கரையில் அந்த நொறுங்கிய கட்டையைத் தொட்ட கையை அவன் பார்த்திருந்தான்.

ஹெக்டர் எழுந்து நின்றார்.

"ஐயா, மரியாதைக்கு வழி விடுறது எனக்குத் தெரியும். நோயாளியோட போற தோணிக்கு விட்டிருக்கிறன். பிரேதம் கொண்டு போனதுக்கும் விட்டிருக்கிறன். அதுக்கு எவனும் என்னட்ட கையொப்பம் வாங்கேல்ல. இது மரியாதை இல்ல, பயம். எங்கட வழியை எங்கட கையாலேயே எழுதித் தரச் சொல்லுறீங்க. தர மாட்டன். வள்ளத்தை நான் கடன்பட்டுக் கட்டுறன். சட்டத்தில என்ன இருக்கோ, அதை மட்டும் எழுதுங்க."

அருந்ததி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். பயம் என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். அதிகாரி கம்பனியின் மனுவை எடுத்து, நிராகரிக்கப்பட்டது என்று குறுக்கே எழுதி முத்திரை குத்தினார்.

"அந்த ஆள் புது வள்ளத்த வேணாமெண்டுட்டார் மிஸ்," என்றான் பலீல் படியிறங்கும்போது. "நானெண்டா ரெண்டு கேட்டீப்பன்."

"அதாலதான் நீர் கரையில நிக்கிறீர்," என்றாள் அருந்ததி. ஆனால் அவள் கண் சிவந்திருந்ததைப் பலீல் கண்டான். அதைப் பற்றி மட்டும் அவன் பகிடி விடவில்லை.

ஹெக்டர் யாருக்கும் காத்திராமல் தன் சின்னையா மகனின் வள்ளத்தில் ஏறி, கப்பல்கள் நிற்கிற பக்கம் போய்விட்டார். மற்றவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும். நாலு மணிக்கு அருந்ததியும் பலீலும் கோட்டைத் துறையில் நின்றபோது வள்ளங்கள் கொச்சிக்கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. முதல் வள்ளத்தில் ஹெக்டர். நாலு பத்துக்கு டச்சஸ் புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. ஹெக்டரின் வள்ளத்தைக் கண்டதும் இரண்டு தரம் ஊதியது. ஹெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. டச்சஸ் மறுபடியும் நீளமாக ஊதியது. பாய் அசையவில்லை, திசை மாறவில்லை.

"மிஸ், அந்தக் கப்பலுக்குச் சட்டம் தெரியுமா?" என்றான் பலீல். அவன் கை அவனை அறியாமல் அருந்ததியின் குடையைப் பிடித்திருந்தது.

"இப்ப தெரிய வரும்."

டச்சஸின் இயந்திரம் நின்றது. பின்பக்கம் தண்ணீர் நுரைத்துக் கலங்கியது. அந்தப் பெரிய இரும்பு மூக்கு மெல்ல மெல்ல வேகமிழந்து, நடுத்துறைமுகத்தில் அப்படியே நின்றது. சுக்கானில் கப்டன் பில்பீம் நின்றிருந்தார். ஹெக்டர் அவசரப்படாமல் கடந்து போனார். அவர் பின்னால் அடுத்த வள்ளம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. முன்தட்டில் கனவான்கள் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்கள், சத்தம் போட்டார்கள். வள்ளங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் கட்டைக் கம்பில் நிமிர்ந்து நின்றபடி, டச்சஸின் மூக்குக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தன.

அன்று நாலு பத்துக்குப் புறப்பட்ட ஃபெரி, ஐந்தேகாலுக்குத்தான் முகத்துவாரம் போய்ச் சேர்ந்தது.